குந்து மாப்ள, ஒன்பதாவது பத்திப் பேசுவோம்

குந்து மாப்ள. கையில இன்னா அது, நாலு பள்ளிக்கூடத்து நோட்டீஸா? இப்படிக் குடு. அடேங்கப்பா, வழவழன்னு இருக்குதே! நாளைக்கு மீன் மடிச்சுக் குடுக்கக்கூட ஆவாது, வழுக்கிக்கினு போயிடும். நாலுலயும் கோட்டு போட்ட பசங்க, நாலுலயும் நீச்சல் குளம், ஒண்ணுல குதிரை வேற. எண்ணூர்ல குதிரையை எங்க ஓட்டுவாங்களாம், அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டை மேலயா? சரி சரி, கோச்சுக்காதே. பொண்ணைக் கட்டுன வூட்டுக்கு வந்துட்டு முறைச்சுக்கினு போகக் கூடாது. டீ வருது, குடி.

நம்ம சின்னவன் எட்டாவது முடிக்கிறான். ஒன்பதாவதுக்கு எங்க போடறதுன்னு நீயும் என் தம்பி பொண்ணும் தூக்கம் இல்லாம கெடக்கிறீங்க. அவனுக்கு எழுத்துன்னா தகராறு. 'ழ'வும் 'ள'வும் எடம் மாறிக்குது, இங்கிலீஷ்ல 'பி'யும் 'டி'யும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்குது. டாக்டரம்மா டிஸ்லெக்சியான்னு பேர் வச்சாங்க. நீ அதைக் கேட்டுட்டு ஒரு மாசம் டிரெய்லரை விட்டு எறங்காம சுத்துன. எறங்குனா வூட்டுக்கு வரணுமே! ஆனா அதே பையன், அவங்கம்மா கூட காசிமேட்டு ஏலத்துக்குப் போனா, கூடை வஞ்சிரம் இன்னா வெலைக்குப் போச்சு, கமிஷன் போக கையில இன்னா நிக்கும்னு வாயாலயே சொல்றான். எழுதிக் காட்டச் சொல்லு, பேனாவைக் கீழ போட்டுட்டு ஓடிடுவான்.

மாமன் ஹார்பர்ல கிரேன் ஓட்டுனவன், உனக்குத் தெரியும். யூனியன்ல இருந்ததும் தெரியும். பிரிவு நம்பர் சொல்லாம வாயைத் தொறந்தா எங்களை எந்த ஆபீஸர் மதிச்சான்? அந்தப் பழக்கம் இன்னும் போகல. அப்பால என் பேத்தி சக்கர நாற்காலியில போறவ. அவளை ஆறாவதுலேருந்து பள்ளிக்கூடத்துக்கு இட்டுக்கினு போய், இட்டுக்கினு வந்து, வடசென்னையில எந்தப் பள்ளிக்கூடத்து வாசப்படி எத்தனை அங்குலம்னு எனக்கு மனப்பாடம். அதனால நான் சொல்றதைக் காதுல வாங்கிக்கோ. பிடிக்கலைன்னா டீ காசைக் குடுத்துட்டுப் போ.

முதல்ல ஒண்ணு கேக்கறேன், நெசத்தைச் சொல்லு. படிக்கப் போறது சின்னவனா, உன் மச்சானோட வயித்தெரிச்சலா? மச்சான் பையன் டை கட்டிக்கினு வேன்ல போறான், நம்ம பையன் கார்ப்பரேஷன் பள்ளிக்கு நடந்து போறான், கல்யாண வூட்ல கேட்டா இன்னா சொல்றதுன்னுதானே இந்த நாலு நோட்டீஸும்? தலையை ஆட்டாதே, தெரியும். அப்போ ஒண்ணு செய். டையை நீ கட்டிக்கினு வேன்ல போ. வண்டியை நான் ஓட்டறேன்.

எட்டாவதுல இன்னா இவ்ளோ பேஜாருன்னு கேளு. நம்ம தமிழ்நாட்டுல எட்டாவது வரைக்கும் யாரையும் ஃபெயில் போட மாட்டாங்க. 2024 டிசம்பர்ல டில்லிக்காரங்க அஞ்சாவதுலயும் எட்டாவதுலயும் நிறுத்தி வைக்கலாம்னு விதியை மாத்துனாங்க. நம்ம ஆளுங்க இங்க அதெல்லாம் வேணாம், பழையபடியே போகும்னுட்டாங்க. ஆகக்கூடி சின்னவன் இதுவரைக்கும் ஜம்முனு வந்துட்டான். இப்போ அவன் படிக்கிற நடுநிலைப் பள்ளி எட்டோட முடியுது. ஆல் பாஸும் எட்டோட முடியுது. எல்லாரும் சொல்லிக்கினு திரியறாங்களே கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009ல வந்தது, அதுவும் 6 வயசுலேருந்து 14 வயசு வரைக்கும்தான். மூணு கதவும் ஒரே நாள்ல சாத்துது. அங்கதான் நோட்டீஸ் அச்சடிக்கிறவன் நிக்கிறான், வாங்க சார்னு.

ஆனா மாப்ள, நாலாவதா ஒரு கதவு கீது. அதை நோட்டீஸ்ல போட மாட்டாங்க. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. 2017 ஏப்ரல்லேருந்து அமலுக்கு வந்துச்சு. அதுக்கு முன்னாடி இருந்த 1995 சட்டத்துல ஏழு வகைக் குறைபாடுதான். டிஸ்லெக்சியா, ஆட்டிசம்லாம் அந்தப் பட்டியல்லயே கெடையாது. புதுசுல 21 வகை. நம்ம பையன் சமாச்சாரமும் உள்ள வந்துடுச்சு. அதுல 31ஆவது பிரிவு சொல்லுது, 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடுன்னு சான்று உள்ள பிள்ளைக்கு 6லேருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி உரிமை. அதுவும் பக்கத்துப் பள்ளியிலயா, சிறப்புப் பள்ளியிலயாங்கிறது பிள்ளையோட விருப்பம். 14 இல்ல மாப்ள, 18. இதை உனக்கு யாராவது சொன்னாங்களா? சொல்ல மாட்டாங்க. சொன்னா நீ கேப்ப.

சரி, இந்த நாலு பள்ளியில ஒண்ணுக்குப் போனா இன்னா நடக்கும்னு சொல்லட்டா? ஏசி ரூம்ல குந்த வைப்பாங்க. பின்னாடி கண்ணாடி அலமாரியில கோப்பை கோப்பையா அடுக்கியிருக்கும். வாசல்ல 'பத்தாம் வகுப்பில் 100 சதவீதத் தேர்ச்சி'ன்னு மின்கம்பம் உயரத்துக்கு பேனர். பையன் சான்றிதழை நீ எடுத்து வைச்சதும் அந்தம்மா மூஞ்சி மாறும் பாரு, அவ்ளோ பாசம் வழியும். "சார், உங்க பையனோட நல்லதுக்குத்தான் சொல்றோம், எங்ககிட்ட அந்த வசதி இல்ல, வேற நல்ல இடமாப் பாருங்க." எவ்ளோ நல்ல மனசு! அந்த 100 சதவீதம் எப்படி வந்துச்சுன்னு இப்போ புரியுதா? பத்தாவதுக்கு வர்றதுக்கு முன்னாடியே, தேறாதுன்னு தோணுற பிள்ளைங்களை ஒன்பதாவதுலயே டிசி குடுத்துத் தாட்டி விட்டா, மீதி இருக்கிறவன் அத்தனை பேரும் பாஸ்தானே. எல்லாப் பள்ளியும் அப்படின்னு நான் சொல்லல. பேனர் எவ்ளோ பெருசோ அவ்ளோ தூரம் தள்ளி நின்னு கேள்வி கேளுன்னு சொல்றேன்.

எந்தக் கேள்வி? "மேடம், போன வருஷம் உங்க ஒன்பதாவதுல எத்தனை பேர், இந்த வருஷம் பத்தாவதுல எத்தனை பேர்?" இது ஒண்ணு போதும். குரலை உசத்தாதே, சிரிச்சுக்கினே கேளு. பதில் வர்றதுக்குள்ள உன் டீ ஆறிடும்.

சட்டப்படி அவங்க அப்படித் தாட்டி விடக் கூடாது. 16ஆவது பிரிவு, அரசு உதவி வாங்குற பள்ளியோ அரசு அங்கீகாரம் வாங்குன பள்ளியோ, பாகுபாடு பாக்காம சேத்துக்கணும், தேவையான வசதி செஞ்சு குடுக்கணும்னு சொல்லுது. மீறுனா இன்னா தண்டனைன்னு கேக்கிறியா? 89ஆவது பிரிவு, முதல் தடவைக்கு 10,000 ரூபாய் வரைக்கும் அபராதம். சிரிக்காதே. ஆண்டு விழாவுக்கு வர்ற சினிமாக்காரருக்குப் போடற மாலையே அதுக்கு மேல ஆவும். அடுத்தடுத்து மீறுனா 50,000லேருந்து 5 லட்சம் வரைக்கும் ஏறும், அது கொஞ்சம் உறைக்கும். இன்னொண்ணு, 2024 ஜூலையில நம்ம ஹைகோர்ட் டிசி விஷயத்துல ஒரு போடு போட்டுச்சு. பள்ளி மாத்தறப்போ டிசி வேணும்னு அடம் பிடிக்கக் கூடாது, கட்டண பாக்கின்னு அதுல எழுதக் கூடாதுன்னுட்டாங்க. உனக்கு அது இப்போ வேணாம். மனசுல போட்டு வை.

ஹார்பர்ல ஒரு பழக்கம் சொல்றேன். கப்பல் வந்து வெளிய நங்கூரம் போட்டு நிக்கும். அதுக்கு எந்த பெர்த் குடுக்கறதுன்னு எப்படி முடிவு பண்ணுவாங்க? கப்பல் தண்ணிக்குள்ள எத்தனை மீட்டர் ஆழம் எறங்கியிருக்கு, எவ்ளோ நீளம், உள்ள இன்னா சரக்கு, இதைப் பார்த்துத்தான். பெர்த்தோட பெயிண்ட்டைப் பார்த்து இல்ல. ஆழம் பத்தாத பெர்த்துல இட்டுக்கினு வந்து தரை தட்டுனா, யாரும் கப்பலைத் திட்ட மாட்டாங்க. பெர்த் குடுத்தவன் சீட்டு கிழியும். நீயும் பள்ளிக்கூடம் பாக்கப் போறப்போ இவன் எவ்ளோ ஆழம் எறங்கியிருக்கான்னு மொதல்ல அளந்துக்கோ. இவனுக்கு வேண்டியது இன்னா? எழுதறதுக்குக் கூடுதல் நேரம், படிச்சுக் காட்ட ஒரு ஆளு, கரும்பலகையைப் பார்த்துக் காப்பி அடின்னு நச்சு பண்ணாத வாத்தியார். நீச்சல் குளம் இவனுக்கு எதுக்கு? கடல் எதிர்லயே கெடக்குது.

என் பேத்தி கதை வேற. அவளுக்கு வேணும் சாய்தளம், அகலமான கதவு, கீழ்த்தளத்துல வகுப்பு, கக்கூஸ். ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பேர் வேணாம் விடு, நல்ல மனுஷங்கதான். சாய்தளம் இருக்குதுன்னு சொன்னாங்க. இருந்துச்சு. சிமெண்டு பூசி, பக்கத்துல நீலத்துல சக்கர நாற்காலி படம் போட்டு, அம்சமா இருந்துச்சு. அதும்மேல ஒரு பல்சர் வண்டி நிக்குது, அதுக்கு முன்னாடி ரெண்டு குரோட்டன்ஸ் தொட்டி. வண்டி யாருதுன்னா பி.டி. வாத்தியாருதாம். வெயில் படாம இருக்குமேன்னு அங்க வுடறாராம். சரி, கக்கூஸ் காட்டுங்கன்னேன். மாற்றுத்திறனாளி கழிப்பறைன்னு போர்டு தொங்குது, பூட்டு தொங்குது. சாவி? அதே பி.டி. வாத்தியார்கிட்ட. தொறந்தா உள்ள தொடைப்பம், ஃபினாயில் கேன், கிழிஞ்ச வாலிபால் வலை, போன வருஷத்து மாறுவேடப் போட்டி ராவணன் தலை. பத்துத் தலையும் என்னைப் பார்த்து முழிக்குது. ஆய்வுக்கு ஆபீஸர் வந்தா மட்டும் ராவணன் எடத்தை காலி பண்ணுவாராம். பேத்தி சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுலயே கீது. அதுக்கப்புறம் எந்தப் பள்ளியில சாய்தளம் இருக்குன்னு சொன்னாலும் அவ மொதல்ல கேக்கிறது, மேல யாரு வண்டி நிக்குதுன்னுதான்.

அதனால மாப்ள, கதவு தொறந்து பூங்கொத்து குடுக்கிற நாள்ல பள்ளிக்கூடம் பாக்கப் போவாதே. புதன்கெழமையோ வியாழக்கெழமையோ இன்டர்வெல் மணி அடிக்கிற நேரத்துக்குப் போ. வாட்ச்மேன் பக்கத்துல ஒரு பீடியைப் பத்த வச்சுக்கினு நில்லு. வேணாம், பீடி வேணாம், பள்ளிக்கூட வாசல். சும்மா நில்லு. ஆயாம்மாகிட்டப் பேச்சுக் குடு. இங்க நம்ம பையன் மாதிரி பிள்ளைங்க இருக்காங்களா, இன்டர்வெல்ல எங்க நிப்பாங்கன்னு கேளு. ஹெட்மாஸ்டருக்குத் தெரியாதது ஆயாம்மாவுக்குத் தெரியும். அந்தப் பிள்ளைங்க கூட்டத்துக்குள்ள நின்னா சரி. செவுத்தோரமா தனியா நின்னா, கோப்பை அலமாரியைப் பார்க்காமலேயே நீ திரும்பிடலாம்.

இப்போ அரசுப் பள்ளி பத்தி. மூக்கைச் சுளிக்காதே. சமக்ர சிக்ஷான்னு 2018லேருந்து ஒரு திட்டம், அதுல வட்டார வள மையம்னு ஒண்ணு இருக்குது. அங்க சிறப்புப் பயிற்றுநர்னு இருப்பாங்க, இயன்முறை மருத்துவர் இருப்பாங்க. அந்தப் பயிற்றுநருங்க பள்ளி பள்ளியா வந்து பிள்ளைங்களுக்குத் தனியாச் சொல்லிக் குடுப்பாங்க. நடக்க முடியாத பிள்ளைக்கு வூட்டுக்கே போவாங்க. மருத்துவ முகாம் போடுவாங்க, அளவெடுத்து உபகரணம் குடுப்பாங்க, போக்குவரத்துப் படி, துணைக்கு வர்றவருக்குப் படி உண்டு, பொம்பளப் பிள்ளைங்களுக்கு மாசம் 200 ரூபாய் தனி. உன் வழவழ நோட்டீஸ்ல இதுல எதுனா ஒண்ணு கீதா பாரு.

ஆனா மாமன் டபாய்க்க மாட்டேன். அந்தப் பயிற்றுநர் தொகுப்பூதியத்துல வேலை பாக்கிறவங்க. தலைக்கு மேல பள்ளி, கையில பத்தாத சம்பளம், நிரந்தரம் பண்ணுங்கன்னு வருஷா வருஷம் ரோட்டுல குந்தறாங்க. சுப்ரீம் கோர்ட் 2021 அக்டோபர்ல சொல்லிச்சு, தொடக்கப் பள்ளியில 10 பிள்ளைக்கு ஒரு சிறப்பாசிரியர், அதுக்கு மேல 15 பிள்ளைக்கு ஒருத்தர்னு. தீர்ப்பு டில்லியில கீது, பிள்ளை திருவொற்றியூர்ல கீது. அதனால நீ ஹெட்மாஸ்டர்கிட்ட, சிறப்புப் பயிற்றுநர் இருக்காங்களான்னு கேக்காதே. இருக்காங்கன்னுதான் சொல்வாங்க, பொய்யும் இல்ல. எந்தக் கெழமை வர்றாங்க, எத்தனை மணிக்கு வர்றாங்க, வந்தா எந்த ரூம்ல குந்துவாங்கன்னு கேளு. கெழமை தெரியாம மென்னு முழுங்குனா கணக்கு உனக்கே தெரிஞ்சுடும்.

இன்னொரு கணக்கும் போட்டுக்கோ. அரசுப் பள்ளியில ஆறாவதுலேருந்து படிச்சுட்டு மேல படிக்கப் போற பையனுக்குத் தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1,000 ரூபாய், 2024 ஆகஸ்ட்லேருந்து குடுக்கிறாங்க. அரசு உதவி பெறும் பள்ளியில தமிழ் மீடியம் படிச்சாலும் உண்டு. பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண், அது இன்னும் முன்னாடியே வந்துச்சு. ஒன்பதாவதுல டை கட்ட ஆசைப்பட்டு நீ வெளிய தாண்டுனா, அந்தச் சங்கிலி அறுந்து போச்சு. டைக்கு மாசம் 1,000 ரூபாய் வாடகைன்னு நெனச்சுக்கோ.

சிறப்புப் பள்ளி இன்னாச்சுன்னு நீ கேக்கலாம். கேளு. ஊரே மெச்சுற எடமெல்லாம் எங்க கீது? வித்யாசாகர், 1985ல தொடங்குனது, கோட்டூர்புரம். காது கேளாத பிள்ளைங்களுக்குக் கிளார்க் பள்ளி, மயிலாப்பூர். பால வித்யாலயா, அடையாறு பக்கம். பலவகைக் குறைபாட்டுக்கான தேசிய நிறுவனம், 2005ல வந்தது, முட்டுக்காடு. எல்லாம் கூவத்துக்கு அந்தாண்ட. கூவத்துக்கு இந்தாண்ட இப்படிப்பட்ட பிள்ளையே பொறக்காதுன்னு நெனச்சுட்டாங்க போல. துறைமுகம் நமக்கு, அனல்மின் நிலையம் நமக்கு, உரக் கம்பெனி நமக்கு, 2023 டிசம்பர்ல வெள்ளத்தோட வந்த எண்ணெயும் நமக்கு, அதே மாசக் கடைசியில பெரியகுப்பத்துல கசிஞ்ச அமோனியாவும் நமக்கு. பள்ளிக்கூடம் மட்டும் அவங்களுக்கு. 1856ல தெற்கத்திய மொத ரயிலே நம்ம ராயபுரத்துலேருந்துதான் வாலாஜாவுக்குக் கெளம்பிச்சு. அப்போ எல்லாரும் இங்க வந்து ஏறுனாங்க. இப்போ ஒரு ஸ்பீச் தெரபிக்கு நாம அங்க போய் எறங்கறோம். மாதா கோயில்காரங்களும் டிரஸ்ட்காரங்களும் நடத்துற சின்னச் சின்ன எடங்க நம்ம பக்கமும் உண்டு, அவங்களைக் கொறை சொல்லல. எண்ணிக்கை பத்தாது.

எண்ணூர்லேருந்து முட்டுக்காடு போக ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பஸ் சும்மாதான். 2021லேருந்து சாதாரணக் கட்டண பஸ்ல மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு வர்ற ஒருத்தருக்கும் டிக்கெட் கெடையாது. மெட்ரோவும் 2021 பிப்ரவரியில விம்கோ நகர் வரைக்கும் வந்துடுச்சு, லிஃப்ட் இருக்குது, என் பேத்தி ராணி மாதிரி போறா. ஆனா கூடப் போறது யாரு? உன் பொண்டாட்டி விடியக்காலத்துல ஏலத்துக்குப் போறவ. நீ எக்ஸ்பிரஸ் ரோட்ல கண்டெய்னரோட க்யூவுல நிக்கிறவன், எப்போ உள்ள வுடுவான்னு அந்த வடிவுடையம்மனுக்குத்தான் வெளிச்சம். டிக்கெட் இலவசம் மாப்ள, கூலி இலவசம் இல்ல. கடுமையான குறைபாடு உள்ள பிள்ளைக்கு, தினம் பயிற்சி தெரபின்னு இருக்கிற பிள்ளைக்கு, சிறப்புப் பள்ளிதான் சரின்னு பட்டா வூட்டையே அந்தப் பக்கம் மாத்திக்கினு போனவங்க நம்ம தெருவுலயே உண்டு. அவங்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். சின்னவனுக்கு அது வேணாம். எழுத்து தகராறு பண்ணுதுன்னு ஒரு பையனை ஊரைத் தாண்டி அனுப்பறதுன்னா, நம்ம ஊர்ல பாதிப் பேரை அனுப்பணும். என்னையும் சேத்து.

இத்தாலியில இன்னா பண்ணாங்க தெரியுமா? கப்பல்ல வந்த மாலுமி சொன்னான்னு நெனைக்காதே, மாமன் படிச்சதுதான். 1977ல ஒரு சட்டம் போட்டு, இப்படிப்பட்ட பிள்ளைங்களையும் பொதுப் பள்ளியிலயே சேத்துட்டாங்க. சேத்துட்டு வுட்டுடல. கூட ஒரு துணை ஆசிரியரைப் போட்டாங்க, அந்த வகுப்புல 20 பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னாங்க. நாம மொத பாதியை மட்டும் காப்பி அடிச்சுட்டோம். பரீட்சையில பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுதறவன் எப்பவும் பாதியிலதானே மாட்டுவான்.

இப்போ காகிதம். இங்கதான் நீ கோட்டை வுடுவ, அதனால நிமிர்ந்து குந்து. கற்றல் குறைபாட்டுச் சான்று ஒரு தடவை வாங்கிட்டா சாகற வரைக்கும் ஆச்சுன்னு நெனச்சுக்கினு அலமாரியில பூட்டி வச்சிருக்க. அது அப்படி இல்ல. 14 வயசுல மறுபடியும் பரிசோதனை பண்ணி வாங்கணும், 18 வயசுல இன்னொரு தடவை. 18ல வாங்கறதுதான் நெலைக்கும். சின்னவனுக்கு 14 எப்போ? ஒன்பதாவதுல. பத்தாவது பொதுத் தேர்வுக்குச் சலுகை எப்போ கேக்கணும்? அதுக்கு அடுத்த வருஷம். அலமாரியில இருக்கிற பழைய சான்றை அப்போ தூக்கிக்கினு போனா, காலாவதின்னு திருப்பிடுவாங்க. அதனால இந்த லீவுலயே அரசு ஆஸ்பத்திரி மெடிக்கல் போர்டுக்குத் தேதி வாங்கு. மாற்றுத்திறனாளிக்குன்னு குடுக்கிற யுடிஐடி அடையாள அட்டையையும் சரி பார்த்துக்கோ, பேரு ஆதார்ல ஒரு மாதிரி, பள்ளிக்கூடத்துல ஒரு மாதிரி இருந்தா அதுக்கே தனியா அலைய விடுவாங்க.

சலுகை இன்னான்னா, அரசுத் தேர்வுகள் இயக்ககம் இப்படிப்பட்ட பிள்ளைக்கு ஒரு மணி நேரம் கூடுதலாக் குடுக்குது. சொல்றதை எழுதறதுக்கு ஒரு ஆள் போடுது. ஒரு மொழிப் பாடத்துக்கு விலக்கும் உண்டு. ஆனா இதெல்லாம் ஹெட்மாஸ்டர் மூலமாத்தான் போகணும். அவர் அனுப்பலைன்னா நீ கோட்டைக்கே போனாலும் கதை ஆவாது. அதனால பள்ளி பாக்கறப்போ கேக்கிற ரெண்டாவது கேள்வி இது: "சார், போன வருஷம் உங்க பள்ளியிலேருந்து சலுகைக்கு எத்தனை பேருக்கு எழுதிப் போட்டீங்க?" எழுதிப் போட்டுப் பழகுன கை வேணும் நமக்கு. ஒருத்தருக்கும் போடலைன்னா, அங்க இப்படிப்பட்ட பிள்ளையே இல்லன்னு அர்த்தம் இல்ல, கண்டுபிடிக்கலைன்னு அர்த்தம். சொல்றதை எழுத ஆள் கெடைச்சாலும் சும்மா ஆவாது. சொல்லிப் பழகணும். ஒன்பதாவதுலயே வகுப்புத் தேர்வுகள்ல பழக்கி வுடுங்கன்னு கேளு. திடீர்னு பொதுத் தேர்வு அன்னிக்கு முன்ன பின்ன தெரியாத ஒருத்தர் பக்கத்துல குந்துனா, நம்ம பையன் வெக்கத்துல வஞ்சிரம் வெலையைச் சொன்னாலும் சொல்லிடுவான்.

எதுவும் ஒத்து வரலையா? தேசியத் திறந்தநிலைப் பள்ளின்னு ஒண்ணு, 1989லேருந்து இருக்குது. அஞ்சு பாடம் எடுத்தா பத்தாவது. படம் வரையறது, மனையியல்னு புடிச்ச பாடம் எடுக்கலாம். ஒரே மூச்சுல எழுத வேணாம், அஞ்சு வருஷத்துக்குள்ள ஒன்பது வாய்ப்பு. சில பிள்ளைங்களுக்கு அது வரப்பிரசாதம். ஆனா சில தனியார் பள்ளிக்காரங்க, தங்களோட சதவீதம் கெட்டுடக் கூடாதுன்னு பிள்ளையை அங்க தள்ளி வுட்டுட்டு, கட்டணத்தை மட்டும் இவங்களே வாங்கிக்கினு இருப்பாங்க. அங்க போறதுன்னா நீ முடிவு பண்ணிப் போகணும், அவங்க முடிவு பண்ணக் கூடாது. வூட்லயே குந்திப் படிக்கிற பிள்ளைக்குக் கூட்டாளி யாருன்னும் யோசிச்சுக்கோ.

பத்தாவது எதுக்கு இவ்ளோ அடிச்சுக்கிறேன்னு கேட்டியே. அரசு வேலையில 4 சதவீத இடஒதுக்கீடு, 34ஆவது பிரிவு. அதுல கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் இப்போ உள்ள வந்திருக்குது. உள்ள வந்து இன்னா பண்றது, கேக்கிற குறைஞ்சபட்சத் தகுதியே பெரும்பாலும் பத்தாவதாத்தான் இருக்கும். ஐ.டி.ஐ. போகலாம், எட்டாவது பாஸுக்கே வெல்டர், வயர்மேன்லாம் உண்டு; பத்தாவது இருந்தா பட்டியல் நீளுது. நம்ம பக்கத்துல கம்பெனிக்குப் பஞ்சமா? மூச்சு விட காத்துக்குத்தான் பஞ்சம்.

இவ்ளோ பேசுனியே, சின்னவனை ஒரு வார்த்தை கேட்டியா? கேக்கல. தெரியும். நான் கேட்டேன். நேத்து சாயந்திரம் கட்டுமரத்து மேல குந்திக்கினு இருந்தான். எங்கடா படிக்கப் போறன்னேன். பக்கத்துத் தெரு பையன் எங்க போறானோ அங்கன்னான். ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் ஒண்ணா வர்றவங்க. இவனுக்கு போர்டுல இருக்கிறதைப் படிச்சுக் காட்டறது யாருன்னு நெனச்ச, வாத்தியாரா? அந்தப் பையன்தான். பதிலுக்கு இவன் அவனுக்குக் கணக்கு சொல்லிக் குடுக்கிறான். இது எந்த நோட்டீஸ்லயும் வராத வசதி, கட்டணமும் கெடையாது. அந்தப் பையன் போறது நடந்து போற தூரத்துல இருக்கிற அரசு உயர்நிலைப் பள்ளிக்கு. நானும் ஒரு எட்டு போய்ப் பார்த்தேன். சிறப்புப் பயிற்றுநர் எந்தக் கெழமை வருவாங்கன்னு கேட்டதும் ஹெட்மிஸ்ட்ரஸ் சட்டுனு சொன்னாங்க. சலுகைக்கு எழுதிப் போட்ட ஃபைலை எடுத்துக் காட்டுனாங்க. கக்கூஸ் கொஞ்சம் சுமார்தான். பேனர் இல்ல. சாய்தளத்து மேல வண்டியும் இல்ல.

என் தீர்ப்பு அதுதான், அங்கயே போடு. மச்சான்கிட்ட நான் பேசிக்கிறேன்.

வர்ற திங்கக்கெழமை நீயும் என் தம்பி பொண்ணும் போங்க. போறப்போ ஒரு லெட்டர் எழுதிக்கினு போங்க: பையன் பேரு, சான்று நம்பர், கூடுதல் நேரம் வேணும், சொல்றதை எழுத ஆள் வேணும், ஒன்பதாவதுலயே பழக்கணும், சட்டம் 2016, பிரிவு 16, பிரிவு 17. தமிழ்லயே எழுது. ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணை அவங்ககிட்ட குடு, இன்னொண்ணுல தேதி போட்டு பள்ளி முத்திரை வாங்கிக்கோ. பதில் வரலைன்னா அந்த முத்திரை போட்ட காப்பியை எடுத்துக்கினு மாற்றுத்திறனாளிகள் நல ஆணையர் ஆபீஸுக்கு, காமராஜர் சாலைக்கு, நானே உன் கூட வர்றேன்.